முதலுதவி அறையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நெருங்கினாலே தீம் பார்க்குகளைப் பற்றிய பக்கங்கள் நாளிதழ்களில் வரத் தொடங்கிவிடும். எந்த ரைடு எவ்வளவு உயரம், எந்த நேரத்தில் போனால் கூட்டம் குறைவு, எந்த வயதுக் குழந்தைக்கு எது பொருந்தும் என்றெல்லாம் விவரம் இருக்கும். அங்கே வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வது என்பது மட்டும் இருக்காது. அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறவர்கள் என்ற முறையில் அதைப் பற்றி எழுத விரும்புகிறோம்.

தீம் பார்க்கில் நடப்பவற்றில் பெரும்பாலானவை சின்ன விஷயங்களாகவே தொடங்குகின்றன. அவற்றைப் பெரிதாக்குவது தாமதம். இவ்வளவு செலவு செய்து வந்திருக்கிறோம், கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும், ஒருவருக்காக எல்லோருடைய நாளும் கெட வேண்டாம் என்று நினைத்து, வாந்தி எடுத்த குழந்தையையும் தலைசுற்றும் பெரியவரையும் இன்னொரு வரிசையில் நிறுத்துகிறார்கள். நூறு இருநூறு அடி தூரத்தில் முதலுதவி அறை இருக்கும். அங்கே போவதென்றால் ஏதோ பெரிதாக நடந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அந்த எண்ணம் தவறு. கால் கொப்புளத்துக்கும் போகலாம், லேசான மயக்கத்துக்கும் போகலாம். பெரிய பூங்காக்களில் இதற்குப் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. படுக்கவைக்கக் கட்டில், குளிரூட்டிய அறை, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் வசதி, இன்சுலின் வைக்கக் குளிர்பெட்டி ஆகியவை பல இடங்களில் உண்டு. எக்ஸ்ரே, தையல், ரத்தப் பரிசோதனை போன்றவற்றை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். மருத்துவமனைக்குப் போக வேண்டுமா என்று முடிவெடுக்கப் பழகிய ஒருவர் அங்கே இருப்பதுதான் முக்கியம். உள்ளே நுழைந்ததும் வரைபடத்தில் அந்த அறையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளியை நகர்த்த முடியாத நிலை என்றால் பக்கத்து ரைடில் நிற்கும் ஊழியரிடம் சொல்லுங்கள். அவர் கையில் வாக்கி டாக்கி இருக்கும். வெளியிலிருந்து வரும் ஆம்புலன்ஸ் பொதுமக்கள் நுழையும் பிரதான வாசலுக்கு வந்தால் டிக்கெட் கவுன்டர் கூட்டத்தில் சிக்கிக்கொள்ளும். பூங்காவுக்குள் வண்டி போகும் வழி வேறு, அதன் வாசலும் வேறு. எந்த வாசலுக்கு வரவேண்டும் என்பது ஊழியருக்குத்தான் தெரியும். அவசர எண்ணை நீங்களே அழைத்தாலும் ஊழியருக்குச் சொல்லாமல் இருக்காதீர்கள். இடத்தைச் சொல்லும்போது ‘நீலச் சறுக்குப் பக்கம்’ என்று சொல்வதைவிட ரைடின் பெயரையும், அருகில் விளக்குக் கம்பத்தில் எண் இருந்தால் அதையும் சொல்லுங்கள். வெளிநாடு போகிறவர்கள் அந்த நாட்டின் அவசர எண்ணைப் போனில் பதிந்துகொண்டு போவது நல்லது. இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் 112, அமெரிக்காவில் 911, ஜப்பானில் ஆம்புலன்சுக்கு 119, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999, அமீரகத்தில் 998, ஆஸ்திரேலியாவில் 000.

இங்கே மிக அதிகமாகக் கவனிக்க வேண்டியது வெயில். நிழல் இல்லாத வரிசை, மேலே சூரியன், கீழே காங்கிரீட் தரை விடும் சூடு, சுற்றிலும் ஆட்கள் நிற்பதால் காற்றோட்டமும் இல்லை. காலையில் சீக்கிரம் கிளம்பும் அவசரத்தில் பலர் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். கழிப்பறைக்கு அலைய வேண்டுமே என்று பெண்களும் முதியவர்களும் தண்ணீரைக் குறைத்திருப்பார்கள். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

முதல் கட்டத்தில் தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை, தலைசுற்றல் இருக்கும். புத்தி தெளிவாக இருக்கும். நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, சட்டையைத் தளர்த்தி, நனைத்த துணியால் துடைத்து விசிறி, குடிக்கக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தேறவில்லை என்றால் அவசர நிலையாகவே கருத வேண்டும். பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, நடை தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ அரை மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அது ஹீட் ஸ்ட்ரோக். உடலின் உள் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். ஹீட் ஸ்ட்ரோக் என்றால் தோல் வறண்டிருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். வெயிலில் அலைந்து வருகிறவருக்கு வியர்த்துக்கொண்டேகூட இருக்கலாம். தோலைப் பார்த்து ஏமாற வேண்டாம், புத்தித் தெளிவைப் பாருங்கள்.

ஆம்புலன்ஸ் வரட்டும் என்று சும்மா இருக்கவும் கூடாது. முதலில் குளிர்விக்க வேண்டும், ஏற்றிப்போவது அதற்கு அடுத்தது. தண்ணீர்க் குழாயோ ஷவரோ இருந்தால் உடல் முழுக்க நனைத்துக்கொண்டே இருங்கள், விசிறிக்கொண்டே இருங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் வையுங்கள். பாராசிட்டமால் கொடுப்பதால் பயன் இல்லை. காய்ச்சலில் மூளையே உடல் வெப்பத்தின் அளவை உயர்த்தி வைக்கிறது, மாத்திரை அதைத்தான் இறக்கும். ஹீட் ஸ்ட்ரோக்கில் உடம்பு வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் திணறுகிறது, அங்கே மாத்திரைக்கு வேலை கிடையாது. நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடும்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எல்லோரும் எடுத்துப் போகிறார்கள், ஆனால் கரைப்பதில் தவறு நடக்கிறது. 1 லிட்டருக்கான பாக்கெட்டும் உண்டு, 200 மி.லி.க்கான சிறிய பாக்கெட்டும் உண்டு. பெரிய பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் உப்பு இரண்டு மடங்காகிவிடும். ஏற்கெனவே நீர்ச்சத்து குறைந்த குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறினால் அது மூளையைப் பாதிக்கும். பாக்கெட்டின் மேல் எழுதியிருக்கும் அளவைப் படித்து, அதே அளவு தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். வாந்தி எடுக்கும் குழந்தைக்கு டம்ளரைக் கொடுத்தால் அடுத்த நிமிடமே வெளியே வந்துவிடும். வாந்தி எடுத்தபின் பத்து நிமிடம் விட்டு, ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி., ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கொடுங்கள். பொறுமை தேவைப்படும் வேலைதான், ஆனால் இதனால் பல குழந்தைகளுக்கு டிரிப்ஸ் ஏற்றாமலே முடிந்துவிடுகிறது. சர்க்கரை அதிகமான குளிர்பானங்கள் குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டும்.

தண்ணீர் விளையாட்டுப் பகுதிக்கு வருவோம். மூழ்குகிற குழந்தை கத்தும், கையை ஆட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாய் நீர்மட்டத்தில் இருக்கும், தலை பின்னால் சாய்ந்திருக்கும், உடல் செங்குத்தாக நிற்கும், சத்தமே இருக்காது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடக்கூடும். அலைக்குளத்தில் நீச்சல் தெரியாத குழந்தை உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கரையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே கண்காணிக்க முடியாது. வெளியே எடுத்த குழந்தை மூச்சு விடவில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள், பிறகு நெஞ்சை அமுக்குங்கள். மூழ்கியதில் இதயம் நிற்பது ஆக்சிஜன் இல்லாததால்தான், ஆகவே காற்றுக்கு முதலிடம். பிறகு 30 அமுக்கு, 2 மூச்சு என்று, நிமிடத்துக்கு 100 முதல் 120 அமுக்கு என்ற வேகத்தில் தொடருங்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவதும் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் ஆபத்து. வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கும், விலைமதிப்பற்ற நிமிடங்களும் போகும். அதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்கும் ஏ.இ.டி. கருவி வந்தால் ஆளைத் தேங்கிய நீரிலிருந்து நகர்த்தி, நெஞ்சைத் துணியால் நன்றாகத் துடைத்த பிறகே பட்டையை ஒட்டுங்கள். ஈர நெஞ்சில் பட்டை சரியாக ஒட்டாது.

நீரில் மூழ்கி மீண்ட குழந்தை எழுந்து உட்கார்ந்து பேசினாலும், இருமல் நிற்கவில்லை, மூச்சு வேகமாக வாங்குகிறது, தூங்கி விழுகிறது என்றால் மருத்துவமனையில் சில மணி நேரமாவது கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

சறுக்குகளில் நடக்கும் ஒரு விபத்து பல பெற்றோருக்குத் தெரியாது. சின்னக் குழந்தை தனியாகச் சறுக்கினால் பயப்படும் என்று அம்மாவோ அப்பாவோ மடியில் வைத்துச் சறுக்குகிறார்கள். குழந்தையின் ரப்பர் செருப்போ பாதமோ சறுக்கின் ஓரத்தில் சிக்கிக்கொள்கிறது. தனியாக வந்திருந்தால் குழந்தை அங்கேயே நின்றிருக்கும். பின்னால் பெரியவரின் முழு எடையும் வேகமும் இருப்பதால் கால் முறுக்கிக்கொண்டு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிகிறது. வீக்கம் அதிகம் தெரியாது. காலை ஊன்ற மாட்டேன் என்று அழும், அவ்வளவுதான். ‘பிடிவாதம் பிடிக்கிறது’ என்று தூக்கிக்கொண்டு சுற்றாமல் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். அன்பினால் செய்கிற காரியம் இப்படி முடிவது எங்களை மிகவும் வருந்தச் செய்கிறது.

எலும்பு முறிந்ததாகச் சந்தேகம் வந்தால் கையோ காலோ இருக்கிற நிலையிலேயே அட்டை அல்லது துண்டு வைத்துக் கட்டி அசையாமல் வையுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். நுழைவுச்சீட்டாகக் கையில் கட்டியிருக்கும் பட்டையையும் தயங்காமல் வெட்டுங்கள். ஒரு மணி நேரத்தில் வீக்கம் ஏறி அது இறுக்கிவிடும். அழுகையை நிறுத்த எதையும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். எலும்பை நேராக்க மயக்க மருந்து தேவைப்பட்டால், திட உணவுக்குப் பின் பொதுவாக 6 மணி நேர இடைவெளி கேட்பார்கள். கையில் கொடுத்த ஒரு பிஸ்கட்டால் சிகிச்சை தள்ளிப்போகும்.

தலையில் அடிபட்டால் 24 மணி நேரம் கவனம் தேவை. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனை. ரோலர் கோஸ்டர் ஏறி இறங்கிய சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ கழுத்தில் ஒரு பக்கம் புதிதாக வலி, தலைவலி, ஒரு கண்ணிமை தொங்குவது, பேச்சுத் தடுமாற்றம் வந்தால், ரைடு ஏறியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கழுத்து ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். அரிதுதான், ஆனால் நீங்கள் சொல்லாவிட்டால் மருத்துவர் அந்தத் திசையில் யோசிக்கத் தாமதமாகும். நிரந்தரப் பல் விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து, சில நொடி கழுவி, முடிந்தால் குழியிலேயே வையுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேருங்கள். பால்பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது.

அடுத்து லாக்கர். ரைடு ஏறும்முன் பையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறோம். அந்தப் பையில்தான் இன்ஹேலரும் இருக்கிறது, இன்சுலினும் இருக்கிறது, ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசியும் இருக்கிறது. உயிர் காக்கும் மருந்து லாக்கருக்குள் போகக் கூடாது. ரைடு ஏறாமல் கீழே நிற்கும் ஒருவர் கையில் அது இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினை 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும், ஐஸ் கட்டியின் மேல் நேரடியாக வைத்து உறையவிட்டால் அதுவும் வீண்.

பேனா வடிவில் வரும் அந்த அட்ரினலின் ஊசி 15 முதல் 30 கிலோ எடைக்கு 0.15 மி.கி., அதற்கு மேல் 0.3 மி.கி. குழந்தை வளர்ந்திருந்தால் பழைய பேனா போதாமல் போகலாம், கிளம்பும்முன் எடை பாருங்கள். உடம்பெல்லாம் தடிப்போடு மூச்சுத் திணறலோ தொடர் வாந்தியோ மயக்கமோ வந்தால் தொடையின் வெளிப்பக்கம் துணிக்கு மேலேயே குத்தலாம். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு வாங்கினால் உட்கார வையுங்கள். எழுந்து நடக்கவிடக் கூடாது. 5 நிமிடத்தில் குறையவில்லை என்றால் இரண்டாவது பேனா. குணமாகிவிட்டது போலத் தெரிந்தாலும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம், எனவே மருத்துவமனை கட்டாயம்.

சர்க்கரை நோயாளிகள் அன்று வழக்கத்தைவிடப் பல மடங்கு நடக்கிறார்கள், சாப்பாடு தள்ளிப்போகிறது, மாத்திரையோ இன்சுலினோ அதே அளவு. நடுக்கம், வியர்வை, எரிச்சலான பேச்சு வந்தால் ரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து கொடுத்து 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். சோதிக்க வழியில்லை என்றால் குறைந்திருப்பதாகவே எடுத்துக்கொண்டு கொடுங்கள். சில இன்சுலின் பம்புகளைப் பலமான காந்தம் உள்ள ரைடுகளில் கழற்றச் சொல்லித் தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். இன்னொன்று, நீர்ப் பூங்காவில் வெறுங்கால். நரம்பு மரத்துப்போன பாதத்துக்குத் தரையின் சூடு தெரியாது. இரவு அறைக்குத் திரும்பிய பிறகுதான் உள்ளங்கால் வெந்திருப்பது கண்ணில் படும். அந்தப் பெரியவர்களுக்கு நீரில் போடும் ஷூ வாங்கிக் கொடுங்கள்.

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை, 4 முதல் 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் போகாமல். சிரப்புகளின் அடர்த்தி ஒன்றுபோல் இருக்காது. 5 மி.லி.யில் 120, 125, 160, 250 மி.கி. என்று பல அளவுகள் உண்டு, சொட்டு மருந்து இன்னும் அடர்த்தி. வீட்டில் கொடுக்கும் ‘5 மி.லி.’யை வேறு பாட்டிலில் அளந்தால் இரண்டு மடங்காகிவிடலாம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இதன் பெயர் அசிட்டமினோஃபென். ஆஸ்துமா இன்ஹேலரில் இருக்கும் சால்புட்டமால் அமெரிக்காவில் ஆல்புட்டெரால், அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். ஆகவே மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மூலப்பெயரும் இருக்கட்டும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதிக்கொள்ளுங்கள். பெயர், பிறந்த தேதி, எடை, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மருந்தும் அளவும், செய்த அறுவை சிகிச்சை, கடைசியாகப் போட்ட டெட்டனஸ் ஊசி, வழக்கமான மருத்துவரின் எண் ஆகியவை போதும். ரத்த வகையை எழுதாவிட்டாலும் பரவாயில்லை, எந்த மருத்துவமனையும் தானே பரிசோதித்த பிறகுதான் ரத்தம் ஏற்றும். தாள்தான் வேண்டும், ஏனென்றால் மாலைக்குள் போன் சார்ஜ் தீர்ந்திருக்கும். தாத்தா பாட்டியோ சித்தப்பாவோ குழந்தைகளை அழைத்துப்போகிறார்கள் என்றால், சிகிச்சைக்குச் சம்மதம் தெரிவித்துப் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் அவசியம். அவசரத்தில் உயிர் காக்கும் சிகிச்சைக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஆனால் எலும்பை நேராக்குவது, தையல் போடுவது போன்றவை சம்மதத்துக்காக நிற்கும்.

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது யார் நோயாளியோடு, யார் மற்ற குழந்தைகளோடு என்பதை அங்கேயே முடிவு செய்யுங்கள். மருந்து, காப்பீட்டு அட்டை, அடையாள ஆவணம், சார்ஜர் எல்லாம் நோயாளியோடு போகிறவரிடம் இருக்க வேண்டும். பூங்கா பதிவு செய்யும் சம்பவ அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள், பிறகு கேட்டுப் பெறுவது கடினம். ‘சிகிச்சை வேண்டாம்’ என்ற தாளைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். உயிருக்கு ஆபத்து இல்லாத நிலையில், சேர்க்கும்முன்பே காப்பீட்டின் 24 மணி நேர உதவி எண்ணை அழையுங்கள். எந்த மருத்துவமனையில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம் என்று அவர்களே சொல்வார்கள். அசல் ரசீதுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே நகல் மூன்றும் இல்லாமல் ஊர் திரும்ப வேண்டாம். மாவுக்கட்டு போட்ட கையோடு விமானம் ஏறுகிறவர்களுக்கு ஒரு செய்தி: இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்குக் கட்டுப் போட்டு 24 மணி நேரமும், நீண்ட பயணத்துக்கு 48 மணி நேரமும் ஆகியிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. மேலே போகும்போது கட்டுக்குள் சிக்கிய காற்றும் வீக்கமும் கூடி ரத்த ஓட்டத்தை நெரிக்கலாம். முன்னதாகவே கிளம்ப வேண்டியிருந்தால் கட்டை நீளவாக்கில் பிளந்து தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு தீம் பார்க்கைப் பற்றி எழுதும்போது நான்கு விவரங்களைப் பூங்கா நிர்வாகத்திடம் கேட்டுப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். முதலுதவி அறை எங்கே, எத்தனை மணி வரை திறந்திருக்கும்? உள்ளே அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் எது? ஏ.இ.டி. கருவி எங்கெங்கே இருக்கிறது? இரவிலும் குழந்தைகளுக்கு அவசர சிகிச்சை தரும் அருகிலுள்ள மருத்துவமனை எது, அங்கே போக எவ்வளவு நேரம்? இந்த நான்கையும் டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே அச்சிடும்படி பூங்கா நடத்துகிறவர்களையும் தங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்